நயினாதீவுக் கல்லும் நமது இணையப் பக்கங்களும்

எமது வர்த்தகர்களைச் சந்திக்கும் போதெல்லாம் ஒரு முறைப்பாடு காதில் விழுகிறது. "இணையத்தளம் செய்தோம், பேஸ்புக்கில் பக்கம் திறந்தோம், காசு கட்டி விளம்பரமும் போட்டோம். வருகிறவன் அரை நிமிடம்கூட நிற்கிறான் இல்லை" என்கிறார்கள். புடைவைக் கடைக்காரர், ஹோட்டல் முதலாளி, வான் ஓடுபவர், கட்டடப் பொருள் விற்பவர் எல்லோரும் சொல்வது இதுதான். கொஞ்சக் காலத்துக்கு முன்வரை நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனது கருத்து வேறு. வருகிறவன் நிற்காமல் போவதற்குக் காரணம், அவனுக்கென்று நாம் அங்கே ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்பதுதான். எம்மைப் பற்றி மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம். நேரில் வந்து கேட்க வேண்டிய கேள்விக்கு இருந்த இடத்திலேயே விடை கிடைத்தால் அவன் நின்று வாசிப்பான். அடுத்த முறையும் வருவான். இதனை எனக்கு விளங்க வைத்தவை தீவகத்தோடு தொடர்புடைய இரண்டு சம்பவங்களும், நயினாதீவில் இருக்கும் எண்ணூறு வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு கல்லும் ஆகும்.

"எல்லாம் உண்டு"

எனது கடை யாழ்ப்பாண நகரில் இருக்கிறது. வலை, கயிறு, படகு எஞ்சின்களுக்கான உதிரிப்பாகங்கள் விற்கிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் தீவகத்தார். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று பல இடங்களிலிருந்தும் வருவார்கள்.

ஒருநாள் நண்பகல் நெடுந்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். அவருடைய எஞ்சினுக்கு வோட்டர் பம் இம்பெலர் தேவைப்பட்டது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சிக் கொடுக்கும் சிறிய இறப்பர்ச் சக்கரம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். ஆனால் அது பழுதானால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும், தொழிலும் நின்றுவிடும். அவருடைய எஞ்சின் மாதிரிக்கு உரிய இம்பெலர் அன்று என்னிடம் இருக்கவில்லை. "இல்லை தம்பி" என்றேன்.

"நானா, உங்கட பக்கத்தில எல்லாச் சாமானும் இருக்கு எண்டு போட்டிருந்தியள். அதைப் பாத்துத்தான் வெளிக்கிட்டனான்" என்றார்.

அதட்டிச் சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வேறு கடை தேடிப் போனார். விடியற்காலையில் எழும்பி, படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து நகருக்கு வந்த மனிதர். திரும்பிப் போகவும் அதே பாடுதான். ஒருநாள் உழைப்பும் போக்குவரத்துச் செலவும் என்னுடைய ஒரு சொல்லால் வீணாயின.

அன்றிரவு எனது பக்கத்தை நானே முதல் தடவையாக வாசித்துப் பார்த்தேன். மகனின் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. "தரமான பொருட்கள், நியாயமான விலை, சிறந்த சேவை. உங்கள் தேவைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் பெற்றுக்கொள்ள நாடுங்கள்." இந்த வசனங்களை அப்படியே எடுத்து ஒரு நகைக் கடைக்கும் போடலாம், மரக்காலைக்கும் போடலாம். எந்தக் கடைக்கும் பொருந்துகிற வசனம் எந்தக் கடையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நெடுந்தீவுக்காரர் வாசித்ததில் "அனைத்தையும்" என்ற ஒரு சொல் மட்டுமே அவருக்குத் தகவலாக இருந்தது. அந்தத் தகவல் பொய்.

வாப்பாவுக்குத் தேவைப்படாதது

எனது வாப்பாவுக்கு இப்படிப்பட்ட கவலை இருக்கவில்லை. அவருடைய கடை பெரிய கடைப் பகுதியில் இருந்தது. பெயர்ப்பலகை மழையில் அழிந்து போயிருந்தும் அவர் அதைத் திருத்தவில்லை. எந்தத் தீவில் எவர் என்ன தொழில் செய்கிறார், எவருக்கு எந்த அளவு நூல் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் என்ன இருக்கும், என்ன இராது என்பது வாடிக்கையாளருக்கும் தெரியும். ஒருவர் சொல்லி மற்றவர் வருவார். தகவல் வாய்வழியாகவே ஓடியது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கடையும் போயிற்று, அந்த வாய்வழித் தொடர்பும் போயிற்று. புத்தளத்தில் இருபது வருடங்கள் கழித்து, 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே நான் திரும்பி வந்து கடை திறந்தேன். வாப்பாவின் வாடிக்கையாளர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு எமது கடையின் பெயரே தெரியாது. தீவகத்தில் தம்பி எஞ்சின் வாங்க, டொரொன்டோவிலிருந்து அண்ணன் காசு அனுப்புகிற காலம் இது. காசு அனுப்புகிறவர் கடைக்கு வரமாட்டார். கைத்தொலைபேசியில் பார்ப்பார். நாம் எழுதி வைத்திருப்பதே அவருக்கு நமது கடை.

அறுந்துபோன வாய்வழித் தொடர்பின் இடத்தை இன்று எழுத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வந்த வியாபாரிக்கு மட்டுமல்ல, புதிய ஊரில் கடை போடுகிற எவருக்கும் இது பொருந்தும். ஆகவே அந்த எழுத்தை மகனின் நண்பரிடம் விட்டுவிட்டு இருக்க முடியாது என்று அன்றிரவு விளங்கியது.

குறிகட்டுவானில் ஒரு காலை

இரண்டாவது சம்பவத்தில் ஏமாந்தது நான். பாடசாலை விடுமுறைக்குப் புத்தளத்திலிருந்து தங்கையின் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க ஆசை. மச்சான் இணையத்தில் தேடி, சுற்றுலா ஒழுங்கு செய்து தரும் ஒருவரின் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அழகான படங்கள் பன்னிரண்டு. குதிரைகள், பெருக்கமரம், முருகைக்கல் மதில்கள், பழைய கோட்டை எல்லாம் இருந்தன. "கடல் நடுவே ஒரு சொர்க்கம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதை நம்பி எட்டுப் பேர் வான் பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போனோம். நெடுந்தீவுப் படகு போய்விட்டது. அடுத்த படகில் போனால் அன்றே திரும்பி வர வழியில்லை என்றார்கள். அது சோளகக் காலம். காற்று வேறு பலமாக வீசிக்கொண்டிருந்தது. வயதான உம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் கடலில் போவதும் புத்தியல்ல என்று துறையில் நின்ற ஒருவர் சொன்னார்.

எமக்குத் தேவைப்பட்டவை ஐந்தே விடயங்கள். எத்தனை மணிக்குத் துறையில் நிற்க வேண்டும்? அன்றே திரும்பலாமா? எந்த மாதங்களில் கடல் அடிக்கும்? தீவுக்குள் சுற்றிப் பார்க்க என்ன வாகனம் கிடைக்கும்? சாப்பாட்டுக்கு என்ன வழி, ஹலால் உணவு கிடைக்குமா, இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு போக வேண்டுமா? இந்த ஐந்தையும் பத்து வரிகளில் எழுதியிருக்கலாம். அந்தப் பக்கத்தை நடத்தியவருக்கு இவை தெரியாமல் இருந்திருக்காது. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த நெடுந்தீவுக்காரரின் முகம்தான் ஞாபகம் வந்தது. நான் அவருக்குச் செய்ததையே இன்னொருவர் எனக்குச் செய்திருக்கிறார். இனி அந்தப் பக்கத்தை நான் திறக்கப் போவதில்லை. என்னைக் கேட்பவர்களுக்கும் அதைச் சொல்லப் போவதில்லை.

கல்லில் எழுதிய வியாபாரத் தகவல்

வந்த பயணம் வீணாகக் கூடாதென்று, குறுகிய நேரத்தில் போய்ச் சேரக்கூடிய நயினாதீவுக்குப் படகேறினோம். அங்கே ஒரு தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். காலையில் பட்ட பாட்டைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வெளியூர் வியாபாரிக்கு என்ன எழுத வேண்டும் என்று இந்தத் தீவில் எப்போதோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்" என்று சொல்லி, நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டைப் பற்றிக் கூறினார். பின்னர் நான் அதைத் தேடி வாசித்தேன்.

அது பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார். கல்லின் ஒரு பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதி சொல்வது வியாபாரிகளுக்கான அறிவித்தல். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும். அதாவது இன்றைய ஊர்காவற்றுறை. அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் கொண்டு வருகிற கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. மற்ற வியாபாரச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி சொந்தக்காரனுக்கு. யானை, குதிரைக்கு ஏன் இந்தச் சலுகை என்பதற்கும் காரணம் சொல்லப்படுகிறது: மன்னருக்கு அவற்றில் விருப்பம். இந்த ஏற்பாடு நிலைத்திருக்க வேண்டுமென்று கல்லிலும் செம்பிலும் எழுதச் செய்திருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனது பக்கமும், அந்தச் சுற்றுலாப் பக்கமும் எவ்வளவு வெறுமையானவை என்று தெரிந்தது. பராக்கிரமபாகு சாதாரண மன்னன் அல்லன். பெரிய குளங்கள் கட்டியவன், கடல் கடந்து படை அனுப்பியவன். தன்னைப் பற்றிப் பெருமையாக எழுத அவனுக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் வணிகனுக்கான இந்தப் பகுதியில் வணிகனின் கேள்விகளுக்கே விடை இருக்கிறது. எங்கே இறங்குவது? எனக்குப் பாதுகாப்பு உண்டா? கப்பல் உடைந்தால் எனது சரக்கில் எனக்கு எவ்வளவு மிஞ்சும்?

கல் தரும் பாடங்கள்

முதலாவது, வாசிப்பவனின் பயத்திலிருந்து தொடங்க வேண்டும். கடல் வணிகனின் பெரிய பயம் கப்பல் உடைவதுதான். கல் அதைப் பேசுகிறது. எஞ்சின் வாங்குகிறவரின் பயம், நடுக்கடலில் நின்றுவிட்டால் என்ன செய்வது, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பது. சுற்றுலா வருகிறவரின் பயம், திரும்பி வர முடியாமல் அகப்பட்டு விடுவோமா என்பது. இணையத்தில் துணி வாங்குகிறவரின் பயம், அளவு பொருந்தாவிட்டால் காசு திரும்பக் கிடைக்குமா என்பது. உங்கள் வாடிக்கையாளரின் பயம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு முதல் வரியிலேயே விடை எழுதுங்கள்.

இரண்டாவது, கூடாத செய்தியையும் சொல்ல வேண்டும். "பாதி எங்களுக்கு" என்று அந்த மன்னன் வெளிப்படையாகவே எழுதினான். பாதி என்பது சிறிய பங்கல்ல. ஆனால் அந்தக் காலத்தில் பல கரைகளில் கப்பல் ஒதுங்கினால் முழுச் சரக்கையும் அந்நாட்டு அரசன் எடுத்துக்கொள்கிற வழக்கம் இருந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் வெட்டுவித்த கல்வெட்டும் இதையே பேசுகிறது. முன்னைய அரசர்கள் கரையொதுங்கிய கப்பல்களின் பொருளைப் பறித்தார்கள் என்றும், தான் உரிய தீர்வையை மட்டுமே எடுப்பேன் என்றும் அவன் அறிவித்தான். பாதி போகும் என்று முன்கூட்டியே தெரிந்த வணிகன் கணக்குப் பார்த்து வருவான். ஒன்றுமே தெரியாதவன் வேறு துறைக்குப் போவான். "இந்த மாதிரிக்கு எம்மிடம் சாமான் இல்லை", "சோளகத்தில் வராதீர்கள்", "வெட்டிய துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று எழுதுவது நட்டம் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஒரு வரி, மற்ற வரிகளையெல்லாம் நம்ப வைக்கிறது.

மூன்றாவது, கணக்கைச் சொல்ல வேண்டும். கல்லில் "நியாயமான பங்கு" என்று எழுதியிருந்தால் அது எமது "நியாயமான விலை" போலத்தான் இருந்திருக்கும். நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று எழுதியதால்தான் இன்றும் அதற்குப் பெறுமதி.

நான்காவது, மொழி. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஒரு சிங்கள மன்னன் அந்த அறிவித்தலைத் தமிழில் வெட்டுவித்தான். அந்தத் துறைகளில் வந்து போன வணிகர்களுக்கு விளங்க வேண்டிய மொழி தமிழ். எழுதுகிறவனின் மொழியைவிட வாசிக்கிறவனின் மொழியே முக்கியம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று நயினாதீவுக்கு நாகதீப விகாரையை வழிபடத் தெற்கிலிருந்து ஏராளமான சிங்கள யாத்திரிகர்கள் வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் உணவகமும் தங்குமிடமும் நடத்துகிற எம்மில் எத்தனை பேர் சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்? எமது பிள்ளைகளில் பலர் புத்தளத்திலும் கொழும்பிலும் படித்து நன்றாகச் சிங்களம் எழுதுவார்கள். இது எமது கையில் இருக்கிற முதல். மறுபக்கம், 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் "பாதை" என்றால் தெரு என்றுதான் நினைப்பார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவை அது என்று அவருக்கு ஒரு வரி எழுத வேண்டாமா?

படத்துக்குள் புதைக்கப்படும் தகவல்

இனி, இணையத்துக்கே உரிய சில விடயங்கள். இணைய வாசிப்பை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் என்பவர் 1997ஆம் ஆண்டிலேயே ஒன்றைச் சொன்னார். அவருடைய சோதனையில் 79 சதவீதமானோர் பக்கத்தைச் சொல் சொல்லாக வாசிக்கவில்லை. கண்ணை ஓடவிட்டுத் தமக்குத் தேவையானதைத் தேடினார்கள். கைத்தொலைபேசிக் காலத்தில் பொறுமை கூடியிருக்க நியாயமில்லை. எனவே ஒரு பந்தியில் ஒரு விடயம், அதற்குத் தெளிவான ஒரு தலைப்பு, முக்கியமானது முதலில் என்று எழுதினால் போதும். நீளமாக எழுதக் கூடாது என்பதில்லை. தேவையான விடயம் என்றால் மனிதன் நீளமாகவும் வாசிப்பான்.

அடுத்தது, பலர் செய்யும் ஒரு பிழை. 2000களின் தொடக்கத்தில் எமது நாட்டுத் தமிழ்த் தளங்கள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடுபொறியில் தமிழில் தேடினால் அகப்படமாட்டா. யுனிகோட் வந்து அந்தக் குறை நீங்கியது. ஆனால் இன்று நாம் அதே பிழையை வேறு விதமாகச் செய்கிறோம். விலை, நேரம், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அழகான ஒரு போஸ்டருக்குள் போட்டுப் படமாக ஏற்றுகிறோம். படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பித் தேடுபொறி உங்களைக் காட்டும் என்று இருக்க முடியாது. எழுத்தில் உள்ள இலக்கத்தைப் போல, கைத்தொலைபேசியில் அதைத் தொட்டு அழைப்பது இலகுவல்ல. வெளிநாட்டிலிருப்பவர் அந்த முகவரியைப் பிரதி செய்து தம்பிக்கு அனுப்புவதும் இலகுவல்ல. போஸ்டர் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலுள்ள விபரத்தைக் கீழே எழுத்திலும் எழுதுங்கள்.

வாசகர்களைத் திரும்பத் திரும்ப வரவைப்பது எது என்று பார்க்க விரும்பினால், தீவகத்து ஊர்களின் பெயரால் புலம்பெயர்ந்தோர் நடத்தும் தளங்களைப் பாருங்கள். புங்குடுதீவு, நயினாதீவு, வேலணை, அல்லைப்பிட்டி என்று ஊருக்கு ஊர் இவை தோன்றின. அலங்காரம் குறைவு. ஆனால் யார் காலமானார், எந்தக் கோயிலில் எப்போது திருவிழா, பாடசாலையில் என்ன நடந்தது என்பவை அங்கே கிடைத்தன. வெளிநாட்டில் வேலைக்குப் போகுமுன் அதைத் திறந்து பார்க்கிற பழக்கம் அப்படித்தான் உண்டாயிற்று. வேறெங்கும் கிடைக்காத ஒரு செய்தி, உரிய நேரத்தில் கிடைத்தது. அவ்வளவுதான் இரகசியம்.

இன்னொரு உதாரணம் தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் அது தொடங்கிய காலத்தில் அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். வளைகுடாவில் கட்டடக்கலைஞராகப் பணிபுரிந்துகொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. வேலைக்குப் போய் வந்து தினமும் கொஞ்சம் எழுதிய ஒருவரால் இவ்வளவு முடிந்தது என்றால், வாரத்துக்கு ஒரு கேள்விக்கு விடை எழுத எமக்கு நேரமில்லை என்று சொல்வது பொருந்தாது.

ஒரு கொப்பியும் ஒரு பேனாவும்

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்தேன். கடைக்கு வருகிறவரும், தொலைபேசியில் அழைப்பவரும் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். இரண்டு மாதத்தில் கொப்பி பாதி நிறைந்துவிட்டது. வாசித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வருபவை சில கேள்விகள்தான்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கடை பூட்டுவீங்கள்?" தீவிலிருந்து வருகிறவர் ஜும்ஆ நேரத்தில் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றிருக்கிறார். இத்தனை வருடமும் இதை நான் யோசிக்கவில்லை. இப்போது பக்கத்தின் மேலேயே நேரம் இருக்கிறது.

"சாமானைக் குறிகட்டுவான் பஸ்ஸில் போட்டு விடுவீங்களா?" விடுவோம். எத்தனை மணிக்கு முன் சொல்ல வேண்டும், செலவு யாருடையது என்று எழுதினோம்.

"என்ர எஞ்சினுக்கு இது பொருந்துமா?" இதற்குத்தான் மிக நீளமான விடை எழுதினேன். எஞ்சினைப் படகில் பூட்டும் இரும்புப் பிடியில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் மாதிரி இலக்கம் இருக்கும். அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இருக்கிறது" என்று நாம் பதில் தந்த பிறகு புறப்படுங்கள் என்று எழுதினேன். எந்த மாதிரிக்கு எந்த இம்பெலர் எம்மிடம் உண்டு, எதற்கு இல்லை என்று பட்டியல் போட்டு, மேலே திகதியும் போட்டேன். சாமான் தீர்ந்தால் அன்றே பட்டியலைத் திருத்துவது மகனின் வேலை.

"எஞ்சின் சூடாகுது, என்ன செய்ய?" இதற்கும் எழுதினோம். எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துளையால் நீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சல் குறைந்தால் அல்லது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நீர் உறிஞ்சும் வாயில் பாசியோ பொலித்தீன் பையோ அடைத்திருக்கலாம்; அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் இம்பெலர் தேய்ந்திருக்கும். நீரில்லாமல் கரையில் வைத்து எஞ்சினை ஓட்டினால் அந்த இறப்பர் சீக்கிரம் கெடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் உள்ளே கழுவினால் உப்புப் படியாது.

இதைப் பார்த்த எனது நண்பர் ஒருவர், "எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் உங்களிடம் ஏன் வரப்போகிறான்?" என்று கேட்டார். பாசி அடைத்ததை எடுக்கத் தெரியாதவன் என்னிடம் வந்து நான் உழைத்தது எப்போதுமே இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற ஞாபகத்தில், இம்பெலர் தேய்ந்த அன்று அவன் என்னைத்தான் அழைக்கிறான். அந்தப் பக்கத்தை அனலைதீவில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் கனடாவிலுள்ள அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். எனது போஸ்டரை இதுவரை எவரும் எவருக்கும் அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

"விலையைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்துவிடுவானே" என்பது அடுத்த ஆட்சேபம். போட்டிக்காரனுக்கு எமது விலை ஏற்கனவே தெரியும். ஒரு பையனை அனுப்பிக் கேட்டிருப்பான். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். விலை அடிக்கடி மாறுகிறதென்றால், எந்தத் திகதியின் விலை என்று பக்கத்தில் எழுதுங்கள். திகதியில்லாத விலைப்பட்டியல் சண்டையைத்தான் கொண்டுவரும்.

இந்த முயற்சியால் வியாபாரம் இரண்டு மடங்காகிவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் "இல்லை தம்பி" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புகிற நாட்கள் குறைந்திருக்கின்றன. வருகிறவர் வாங்குவதற்கென்றே வருகிறார். கடன் கணக்கு இல்லாத தூரத்து வாடிக்கையாளர் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

இயந்திரம் எழுதாத வரிகள்

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. "எனது கடையைப் பற்றி ஆயிரம் சொல்லில் எழுது" என்றால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறது. பிழையில்லாத வசனங்கள். ஆனால் நாமாக ஒன்றும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது எழுதுவதும் "தரம், நம்பிக்கை, சேவை" என்பதுதான். எமது தட்டில் இன்று எந்த இம்பெலர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், குறிகட்டுவான் பஸ்ஸுக்குப் பொதியை எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எம்மைத் தவிர வேறெவருக்கும் தெரியாது. கூகுள் நிறுவனமும் 2022 ஓகஸ்டில், தேடுபொறியில் மேலே வருவதற்கென்றே எழுதப்பட்ட வெற்றுப் பக்கங்களைப் பின்தள்ளி, மனிதருக்குப் பயன்படும் பக்கங்களை முன்னுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. பொதுவான புகழ்ச்சி எவராலும் எழுதக்கூடியது. எழுதித் தர இயந்திரத்தின் உதவியைப் பெறுவதில் தவறில்லை. விடையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்பது எமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித் தரப்பட்ட விடயம். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதும் அப்படியே. தராசில் அதைக் கவனிக்கிற நாம், திரையில் எழுதும்போது மறந்துவிடுகிறோம். இல்லாத சாமானை உண்டு என்று எழுதி ஒருவரைக் கடல் கடந்து வரவைத்ததும் குறைநிறுவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நெடுந்தீவுத் தம்பியை மறுபடியும் சந்திக்கக் கிடைக்கவில்லை. அவருடைய எஞ்சின் மாதிரிக்கு உரிய இம்பெலர் இப்போது எனது பட்டியலில் இருக்கிறது. எத்தனை இருக்கிறது என்றும் போட்டிருக்கிறேன்.

வர்த்தக சகோதரர்களே, புதிய இணையத்தளத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்னர் ஒரு கொப்பி வாங்கிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்த மாதம் முழுவதும் கேள்விகளை எழுதுங்கள். அடுத்த மாதம் விடைகளை எழுதுங்கள். இல்லாததை இல்லை என்றும் எழுதுங்கள்.